டிரைகிளிசரைடு அதிகமா? ரிப்போர்ட்டைப் படிப்பதிலிருந்து மருந்து வரை ஒரு முழுமையான வழிகாட்டி

லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு என்ற வரிக்கு நேராக 260 என்றோ 340 என்றோ தடித்த எழுத்தில் ஓர் எண்ணைப் பார்த்ததும், நம்மில் பலர் முதலில் கை வைப்பது எண்ணெயில்தான். பொரித்தது நின்றுபோகும். முட்டையின் மஞ்சள் கரு தட்டோரம் ஒதுங்கும். பழச்சாறு மட்டும் 'உடம்புக்கு நல்லது' என்ற பெயரில் தினமும் தொடரும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எண் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் இருக்கும் டிரைகிளிசரைடில் பெரும்பகுதி நேற்றுச் சாப்பிட்ட எண்ணெய் அல்ல, கல்லீரல் கட்டி அனுப்பிய சரக்கு. அதைக் குறைக்க வேண்டுமானால், கல்லீரல் ஏன் இவ்வளவு அனுப்புகிறது, அனுப்பியது ஏன் இறங்காமல் ரத்தத்திலேயே சுற்றுகிறது என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

முதலில், இது என்ன சரக்கு?

கிளிசரால் என்ற சிறு மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டால் அது டிரைகிளிசரைடு. சமையல் எண்ணெயும் இதுதான், தொப்பையில் இருக்கும் கொழுப்பும் இதுதான். கொலஸ்டிரால் வேறு. அது செல் சவ்வுக்கும் ஹார்மோன்களுக்கும் தேவையான கட்டுமானப் பொருள். டிரைகிளிசரைடு எரிபொருள், கிராமுக்கு 9 கலோரி. இரண்டும் ஒரே ரிப்போர்ட்டில் வருவதால் ஒன்றையே இரண்டு பெயரில் சொல்வதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது, ரத்தத்திலும் கரையாது. ஆகவே அது புரதத்தால் பொதிந்த துகள்களில் ஏறித்தான் பயணம் செய்ய வேண்டும். இரண்டு வகை லாரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் உள்ள கொழுப்பைக் குடலிலிருந்து ஏற்றி வருவது கைலோமைக்ரான். கல்லீரல் தானே தயாரித்து அனுப்புவது வி.எல்.டி.எல். இரண்டும் சரக்கை இறக்கும் இடம் ஒன்றே: தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண் ரத்தக் குழாய்களின் உட்சுவர். அங்கே லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்ற நொதி சரக்கைப் பிரித்து உள்ளே அனுப்புகிறது.

கல்லீரலுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் இரண்டு பக்கமிருந்து வருகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில், வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கசிந்துகொண்டே இருக்கும். தேவைக்கு மேல் உள்ளே போகும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுவது இன்னொரு பக்கம். மது இந்த இரண்டையும் மோசமாக்குகிறது. இறக்கும் நொதிக்கு ஊக்கம் கொடுப்பதும் இன்சுலின்தான். ஆகவே இன்சுலின் தடுமாறினால் ஏற்றுமதி கூடும், இறக்குவதும் மந்தமாகும்.

படி 1: உங்கள் எண் எந்தத் தளத்தில் இருக்கிறது?

டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 150 முதல் 199 வரை எல்லைக்கோடு. 200 முதல் 499 வரை அதிகம். 500 அல்லது அதற்கு மேல் மிக அதிகம். சில நாடுகளில் ரிப்போர்ட் மில்லிமோல் கணக்கில் வரும். அந்த எண்ணைச் சுமார் 88.5ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு கிடைக்கும். 1.7 மில்லிமோல் என்பது 150.

இந்த நான்கு பெயர்களை விட முக்கியமான கோடு ஒன்று நடுவில் ஓடுகிறது. 500க்குக் கீழே கவலை இதயமும் ரத்தக் குழாயும். அது ஆண்டுக்கணக்கில் நடக்கும் மெதுவான சேதம். 500ஐத் தாண்டி 1000ஐ நெருங்கும்போது கவலை கணையத்துக்கு மாறுகிறது. அது ஒரே நாளில் வெடிக்கக்கூடிய ஆபத்து. இந்த உயரத்தில் இறக்கும் நொதி திணறிப்போய்விடும். ஏற்கெனவே வரிசை கட்டி நிற்கும் லாரிகளுக்குப் பின்னால் ஒரு கொழுப்பான சாப்பாடு வந்து சேர்ந்தால், எண் சில மணி நேரத்தில் எங்கோ போய்விடும். ஆகவே 280 உள்ளவருக்கும் 1,100 உள்ளவருக்கும் ஒரே உணவுப் பட்டியலைக் கொடுப்பது தவறு. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பட்டியல்கள் இந்தத் தவறைத்தான் செய்கின்றன.

படி 2: பதறும் முன் இன்னொரு முறை எடுங்கள்

டிரைகிளிசரைடு போல அலைபாயும் எண் ரிப்போர்ட்டில் வேறு அதிகம் இல்லை. எதையுமே மாற்றாதவருக்கும் வாரத்துக்கு வாரம் 20 சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம். முந்தைய நாள் விருந்து, இரண்டு கிளாஸ் மது, சமீபத்தில் வந்த காய்ச்சல் எல்லாமே அதை அசைக்கும்.

2016இல் ஐரோப்பிய வல்லுநர்கள், பொதுவான லிப்பிட் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று அறிவித்தார்கள். வழக்கமான சாப்பாட்டுக்குப் பிறகு டிரைகிளிசரைடு சராசரியாக 26 மில்லிகிராம் அளவுக்குத்தான் கூடுகிறது என்பது அதற்கு ஒரு காரணம். சாப்பிட்ட பின் எடுத்த ரத்தத்தில் 175க்கு மேல் இருந்தால் அதிகம் என்று கொள்ளலாம். ஆனால் 400ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி எடுத்தே ஆக வேண்டும். என் யோசனை: முதல் எண் அதிகமாக வந்துவிட்டால், இரண்டாவதை 10 முதல் 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் எடுங்கள். தண்ணீர் குடிக்கலாம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் மது வேண்டாம். மற்றபடி வழக்கமான சாப்பாடே இருக்கட்டும். பரிசோதனைக்காக ஒரு வாரம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு எடுத்தால் கிடைப்பது உங்கள் எண் அல்ல. எண் 500ஐத் தாண்டியிருந்தால் மட்டும் மறுபரிசோதனைக்காக வாரக்கணக்கில் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அதே தாளில் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். வரியையும் சந்தேகத்தோடு பாருங்கள். பல லேப்கள் அதை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல்.ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கின்றன. 1972இல் வந்த ஃபிரீட்வால்ட் சூத்திரம் அது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அதற்குக் கீழேயும் எண் ஏற ஏற எல்.டி.எல். உண்மையை விடக் குறைவாகத் தெரியும். 'கெட்ட கொழுப்பு நார்மல்' என்று நிம்மதியடைவது அப்போது பொய் நிம்மதி. இதற்கு எளிய மாற்று உண்டு: மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல்.ஐ மட்டும் கழியுங்கள். வருவது நான்-எச்.டி.எல். மருத்துவர் உங்களுக்குச் சொன்ன எல்.டி.எல். இலக்கோடு 30ஐக் கூட்டினால் நான்-எச்.டி.எல். இலக்கு. இதய ஆபத்தைப் பார்க்க எனக்கு டிரைகிளிசரைடு எண்ணை விட இதுதான் நம்பகமானதாகப் படுகிறது.

படி 3: ஏன் ஏறியது என்று தேடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். நேராக மாத்திரைக்குப் போய்விடுவார்கள். ஆனால் டிரைகிளிசரைடு பல நேரம் புகைதான், நெருப்பு வேறெங்கோ இருக்கும்.

முதல் சந்தேகம் சர்க்கரை நோய். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையால் 600, 800 என்று ஏறியவர்களுக்கு, சர்க்கரை அடங்கியதும் டிரைகிளிசரைடும் மளமளவென்று இறங்குவதுண்டு. சர்க்கரை இருப்பதே தெரியாமல் லிப்பிட் ரிப்போர்ட் வழியாக முதன்முதலில் கண்டுபிடிக்கப்படுபவர்களும் உண்டு. ஆகவே மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை அவசியம். அடுத்தது தைராய்டு. சுரப்பு குறைந்தால் கொலஸ்டிரால், டிரைகிளிசரைடு இரண்டும் ஏறலாம். ஒரு டி.எஸ்.எச். பரிசோதனை போதும். சிறுநீரகத்துக்கு கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஃபேட்டி லிவரும் அதிக டிரைகிளிசரைடும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கும்.

மருந்துப் பையையும் திறந்து பாருங்கள். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள், வாய்வழி எடுக்கும் ஈஸ்ட்ரோஜன், டமாக்சிஃபென், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், ரத்த அழுத்தத்துக்கான தயாசைடு வகை, சில பீட்டா பிளாக்கர்கள், ஓலன்சபின், குளோசபின் போன்ற மனநல மருந்துகள், எச்.ஐ.வி.க்கான சில மருந்துகள், உறுப்பு மாற்று சிகிச்சையில் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவை இதை ஏற்றக்கூடியவை. இந்த வரியைப் படித்துவிட்டு எதையும் தானாக நிறுத்திவிட வேண்டாம். மனநல மருந்தைச் சட்டென்று விடுவது 300 டிரைகிளிசரைடை விடப் பெரிய ஆபத்து. பட்டியலை எழுதிக்கொண்டு போய், 'இதில் எதற்காவது மாற்று உண்டா?' என்று கேளுங்கள்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் டிரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்காவது இயல்புதான். ஏற்கெனவே அதிகம் உள்ள பெண்ணுக்கு அதுவே கணையத்தைத் தாக்கும் அளவுக்குப் போகலாம். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் இல்லாமலும் எண் வானத்தில் இருந்தால், வாரிசாக வந்திருக்கலாம். பெரும்பாலும் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைகொடுத்து, அதன் மேல் எடையோ மதுவோ சர்க்கரையோ ஏறி உட்கார்ந்த கதையாக இருக்கும். பிறவியிலேயே இறக்கும் நொதி வேலை செய்யாத நோய் ஒன்றும் உண்டு. பத்து லட்சத்தில் ஓரிருவருக்கு வரும் அரிய நோய் அது. ஒல்லியான உடம்பு, குடிப்பழக்கம் இல்லை, சிறு வயதிலிருந்தே அடிக்கடி வயிற்று வலி, எண் ஆயிரக்கணக்கில் என்றால் அதைச் சந்தேகிக்க வேண்டும். முழங்கை, பிட்டம், முதுகில் மஞ்சள் நிறச் சிறு கொப்புளங்கள் திடீரென்று கிளம்புவதும், எடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதி பால் போல வெளுத்திருப்பதும் எண் மிக உயரத்தில் இருப்பதன் அடையாளங்கள்.

படி 4: 500க்குக் கீழே உள்ளவர்கள் செய்ய வேண்டியது

இனிப்பான பானங்களிலிருந்து தொடங்குங்கள். குறைந்த முயற்சியில் அதிகம் கிடைப்பது இங்கேதான். ஒரு கேன் குளிர்பானத்தில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. ஒரு கிளாஸ் பழச்சாற்றிலும், வீட்டில் பிழிந்ததே ஆனாலும், 20 கிராமுக்குக் குறையாது. பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்து வேகத்தைக் குறைக்கும், ஒன்றிரண்டோடு வயிறும் நிறைந்துவிடும். சாறாகக் குடித்தால் மூன்று பழம் ஒரே மடக்கில் கல்லீரலுக்குப் போகிறது. அதிலுள்ள ஃபிரக்டோஸைக் கையாளும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது, மிச்சத்தை அது கொழுப்பாக்கிவிடும். ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும், 5 சதவீதமானால் இன்னும் நல்லது என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்றால் 25 கிராம். தேனுக்கும் பழுப்புச் சர்க்கரைக்கும் கல்லீரல் தனிச் சலுகை எதுவும் தருவதில்லை.

அடுத்தது மாவுச்சத்தின் அளவு. அரிசியோ கோதுமையோ, தீட்டிய தானியம் தட்டில் பாதிக்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு வகை, காய்கறி, மீன், முட்டை, கொட்டை வகைகளை வையுங்கள். இங்கேதான் எண்ணெய்ப் பயம் தலைகீழாகிறது. கொழுப்பை அடியோடு வெட்டிவிட்டு அந்தக் கலோரியைச் சோற்றாலும் ரொட்டியாலும் நிரப்பினால் டிரைகிளிசரைடு ஏறவே செய்யும். 'கொழுப்பு நீக்கியது' என்று அட்டையில் போட்ட பிஸ்கட்டில் ருசிக்காகச் சேர்த்த சர்க்கரையையும் இந்தக் கணக்கில் சேருங்கள். அதற்காக வெண்ணெயைத் தாராளமாக்கச் சொல்லவில்லை. நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்.ஐ ஏற்றும். நிறைவுறாத எண்ணெய்கள், அளவோடு, போதும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மீன் வாரம் இரண்டு முறை சேர்ந்தால் நல்லது.

மதுவைப் பொறுத்தவரை, சிலருக்கு அளவான குடி எண்ணை அதிகம் அசைக்காது, சிலருக்கு இரண்டு கிளாஸே போதும். நீங்கள் எந்த ரகம் என்று தெரிய ஒரே வழி, ஆறு வாரம் முழுதாக விட்டுவிட்டு மறுபடி எடுத்துப் பார்ப்பது. விவாதத்தை விட இந்தச் சோதனை எளிது.

எடை குறைப்பதன் பலன் கண்கூடு. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் டிரைகிளிசரைடு ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கும். 80 கிலோ உள்ளவருக்கு 4 கிலோவிலிருந்தே இந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. கனவு எடையை எட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

உடற்பயிற்சிக்கு இங்கே ஒரு தனிக் குணம் உண்டு. உழைத்த தசையில் இறக்கும் நொதி கூடுதலாக வேலை செய்யும். ஒரே ஒரு நாள் வேகமாக நடந்ததன் பலன்கூட மறுநாள் சாப்பாட்டுக்குப் பிந்தைய டிரைகிளிசரைடில் தெரியும். ஆனால் அது ஓரிரு நாளில் கரைந்துபோகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஓடுவதை விட, வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம் வேகமாக நடப்பது இந்த எண்ணுக்கு அதிகம் உதவும்.

படி 5: 500ஐத் தாண்டியவர்களுக்கு விதிகள் வேறு

மது முழுமையாக நிற்க வேண்டும். இதில் பேரமில்லை. சர்க்கரையும் அப்படியே. மேலே சொன்ன 'கொழுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம்' என்ற பேச்சு இங்கே செல்லாது. எண் 1000ஐத் தாண்டியிருந்தால் எண்ணெய், கொட்டை, மீன் எண்ணெய் உள்பட எல்லாக் கொழுப்பும் மொத்தக் கலோரியில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 2,000 கலோரிக்கு அது ஏறத்தாழ 22 முதல் 33 கிராம், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்க்குள் நாள் முழுவதும் முடிந்துவிடும் அளவு. உணவியல் வல்லுநரின் உதவி இல்லாமல் இதைச் சமாளிப்பது சிரமம். எண் இறங்கிய பிறகு மெல்லத் தளர்த்தலாம்.

இந்தத் தளத்தில் உள்ளவர்களும் வீட்டாரும் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்று: மேல் வயிற்றில் கடுமையான, விடாத வலி, அது முதுகுக்குப் பாய்வது, கூடவே வாந்தி. கணைய அழற்சியாக இருக்கலாம். அசிடிட்டி மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுக் காலையில் போகலாம் என்று படுக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக 'எனக்கு டிரைகிளிசரைடு மிக அதிகம்' என்று சொல்லுங்கள். ரத்தம் பால் போல இருக்கும்போது சில அளவீடுகள் ஏமாற்றும். கணைய அழற்சியில் ஏற வேண்டிய அமைலேஸ் இயல்பாகத் தெரியலாம், சோடியம் உண்மையை விடக் குறைவாகத் தெரியலாம். நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் மருத்துவரைச் சரியான திசையில் திருப்பும்.

படி 6: மருந்து எதற்காக என்று தெரிந்து சாப்பிடுங்கள்

எண்ணைக் குறைக்கும் மருந்து இதயத்தையும் காக்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். சோதித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. 2010இல் வெளியான அக்கார்டு ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் என்ற கொலஸ்டிரால் மருந்தோடு, டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபைப்ரேட் வகையைச் சேர்ந்த ஃபீனோஃபைப்ரேட்டைச் சேர்த்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை. 2022இல் வெளியான பிராமினென்ட் ஆய்வு பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் அதே வகையைச் சேர்ந்த பெமாஃபைப்ரேட்டைச் சோதித்தது. டிரைகிளிசரைடு கால் பங்கு இறங்கியது, இதய நிகழ்வுகள் இறங்கவில்லை.

ஆகவே மருந்துகளை இப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இதயத்துக்கு ஸ்டாட்டின். டிரைகிளிசரைடை அது 10 முதல் 30 சதவீதம் குறைக்கும், ஆனால் அதன் உண்மையான வேலை மாரடைப்பைத் தடுப்பது. 'எனக்கு டிரைகிளிசரைடுதானே பிரச்சினை, கொலஸ்டிரால் மாத்திரை எதற்கு?' என்று அதை நிறுத்துகிறவர்கள், தங்களைக் காப்பதை நிறுத்துகிறார்கள். கணையத்துக்கு ஃபைப்ரேட். எண்ணை 30 முதல் 50 சதவீதம் இறக்கக்கூடியது, 500க்கு மேல் நிற்பவர்களுக்கே அதன் முதன்மையான தேவை. ஸ்டாட்டினோடு சேர்க்க வேண்டுமானால் ஃபீனோஃபைப்ரேட்டைத்தான் தேர்வார்கள். ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டாட்டினோடு சேர்த்தால் தசை சிதையும் ஆபத்து கூடும். ஃபைப்ரேட் எடுக்கும்போது கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் (இ.பி.ஏ., டி.எச்.ஏ.) விஷயத்தில் சண்டை இன்னும் ஓயவில்லை. ரெட்யூஸ்-இட் ஆய்வில் 8,179 பேர் பங்கேற்றார்கள். தூய இ.பி.ஏ. மருந்தை நாளுக்கு 4 கிராம் எடுத்தவர்களுக்கு இதய நிகழ்வுகள் 25 சதவீதம் குறைந்தன. ஒப்பீட்டுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே மறுதரப்பை மோசமாக்கியிருக்கலாம் என்ற விமர்சனம் எழுந்தது. இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் கலந்த மருந்தைச் சோதித்த ஸ்டிரெங்த் ஆய்வில் பலன் தெரியவில்லை. இரண்டிலும் இதயத் துடிப்புச் சீர்கேடு சற்றுக் கூடியது. கடையில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரையை இதோடு குழப்ப வேண்டாம். 1,000 மில்லிகிராம் என்று எழுதிய மாத்திரையில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து பல நேரம் 300 மில்லிகிராம்தான் இருக்கும். சிகிச்சை அளவை எட்ட ஒரு நாளைக்குப் பதின்மூன்று விழுங்க வேண்டும்.

பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபைப்ரேட் பெரிதாக உதவாது. அவர்களுக்காக ஓலெசார்சன் என்ற ஊசி மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது.

படி 7: எப்போது மறுபடி பார்ப்பது?

உணவை மாற்றியோ மருந்து தொடங்கியோ 6 முதல் 12 வாரம் கழித்து, முடிந்தால் அதே லேபில், அதே மாதிரி வெறும் வயிற்றில் எடுங்கள். 500க்கு மேல் இருந்தவர்கள் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும், இடைவெளியை மருத்துவர் சொல்வார். 240 என்பது 215 ஆனால் கொண்டாட வேண்டாம், 260 ஆனால் சோர வேண்டாம். இரண்டும் இயல்பான அலைக்குள்தான். மூன்று அளவீடுகள் ஒரே திசையில் போனால் அதை நம்பலாம்.

டிரைகிளிசரைடு நன்றாக இறங்கும்போது எல்.டி.எல். சற்று ஏறுவதும் நடக்கும், குறிப்பாக ஃபைப்ரேட் எடுப்பவர்களுக்கு. தேங்கி நின்ற வி.எல்.டி.எல். துகள்கள் சரக்கை இறக்கிவிட்டு எல்.டி.எல். ஆக மாறுவதுதான் காரணம். அப்போது நான்-எச்.டி.எல். எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஸ்டாட்டின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

உங்கள் எண் எப்போதாவது 500ஐத் தாண்டியிருந்தால், உடன்பிறந்தவர்களையும் வளர்ந்த பிள்ளைகளையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களுக்கு இப்போது எந்தத் தொந்தரவும் தெரியாது. 900 உள்ளவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை.